டைனோசரின் கடைசிக் கோடு எங்கே இருக்கிறது?

கேள்வி: டைனோசர் அழிந்த காலத்தைப் பாறையில் ஒரு கோடாகவே பார்க்கலாம், அந்த இடத்தில் தங்க ஆணி அடித்திருக்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா, ரீல் விடுகிறானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கோடு உண்மை. ஆணியில்தான் பையன் கொஞ்சம் குழம்பியிருக்கிறான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தக் கோடு நன்றாகத் தெரிகிற இடங்களில் ஒன்று டென்மார்க்கில் இருக்கிறது. கோபன்ஹேகனுக்குத் தெற்கே, ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட் என்று சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோரப் பாறைச்சுவர். கீழே வெள்ளை வெளேரென்று சீமைச்சுண்ணாம்பு, மேலே அதைவிடக் கெட்டியான சுண்ணாம்புக்கல், நடுவில் சில சென்டிமீட்டரே இருக்கும் கருத்த களிமண். மீன் எச்சங்கள் கிடைப்பதால் டேனிஷ்காரர்கள் அதை மீன் களிமண் என்கிறார்கள். அதற்குக் கீழே டைனோசர் இருந்த உலகம், மேலே இல்லாத உலகம். வயது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு.

இத்தாலியின் குப்பியோவில் இதே காலத்துக் களிமண்ணைப் பார்த்த புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸுக்கு, இவ்வளவு படிய எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று ஒரு சந்தேகம். அப்பா லூயிஸ், 1968இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஒரு வழி சொன்னார்: விண்வெளித் தூசு பூமிமேல் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கிறது, அதில் இரிடியம் என்ற உலோகம் உண்டு, பூமியின் மேலோட்டில் அது அரிது, ஆகவே களிமண்ணில் இரிடியத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும். கடிகாரம் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. குப்பியோவில் இரிடியம் வழக்கத்தைவிட சுமார் 30 மடங்கு. ஸ்டெவ்ன்ஸ் களிமண்ணிலோ 160 மடங்கு! தூசுக் கணக்கில் அது அடங்கவில்லை, பெரிய விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று 1980இல் எழுதினார்கள். பலர் நம்பவில்லை. மெக்சிகோவில் சிக்சுலுப் பள்ளம்தான் அந்த மோதலின் தடம் என்று 1990களில் தெரிந்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

சரி, ஆணி. ஒரு காலப்பிரிவு இங்கேதான் தொடங்குகிறது என்று உலகப் புவியியலாளர்கள் ஒப்புக்கொண்ட இடத்துக்குச் செல்லப்பெயர்தான் தங்க ஆணி. அடையாளம் வைத்த இடங்களிலும் பெரும்பாலும் சாதாரண உலோகத் தகடுதான், யாரும் பெயர்த்து அடகு வைக்க முடியாது. இந்த எல்லைக்கான அந்தப் பெருமை துனீசியாவின் எல் கெஃப் என்ற இடத்துக்குப் போய்விட்டது. ஸ்டெவ்ன்ஸுக்கு 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

கேள்வி: கடலோரம் என்கிறீர்கள், அலை அரித்துவிடாதா?
- அதே வாசகி

பதில்: அரிக்கிறது, அதனால்தான் கோடே தெரிகிறது! அலை அடியில் இருக்கும் மெத்தென்ற சுண்ணாம்பைத் தின்ன, மேலே இருக்கும் கெட்டிக் கல் முன்னால் துருத்திக்கொண்டு நின்று ஒருநாள் விழும், உள்ளிருக்கும் புதுப் பாறை வெளியே வரும். மனிதர்களுக்குத்தான் தடை, பாறையைச் சுத்தியலால் கொத்தக்கூடாது.

ஆனால் அலை பாறையோடு நிற்கவில்லை. விளிம்பிலேயே ஹோயெரப் என்ற ஊரின் பழைய தேவாலயம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும் அது ஒரு சேவலடி தூரம் உள்ளே நகர்ந்துகொள்ளும் என்பது ஊர்க்கதை. 1928இல் பீடம் இருந்த பகுதி அப்படியே கடலில் சரிந்தது. மீதி இன்னும் நிற்கிறது. பீடம் இருந்த பக்கம் இப்போது பால்கனி மாதிரி, அங்கே நின்றால் நேரே கடல்தான்.