நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் முயலோட ரத்தக்குழாயும்

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சைனாங்கற நெஞ்சுவலி இருக்கு. நெஞ்சைப் பிடிச்சா சார்பிட்ரேட் எடுத்து நாக்குக்கு அடியில வெச்சுக்கறார். அது டைனமைட்ல போடற வெடிமருந்துன்னு சித்தப்பா பயமுறுத்தறார், நெஜமா சார்?

பதில்: பயப்படாதீங்கம்மா. டைனமைட்ல இருக்கறது நைட்ரோகிளிசரின், அப்பா வெச்சுக்கறது ஐசோசார்பைடு டைநைட்ரேட், ரெண்டும் நைட்ரேட் வகைதான், உடம்புக்குள்ள பண்ற வேலையும் ஒண்ணுதான். 1879லயே லண்டன்ல வில்லியம் முர்ரெல்னு ஒரு டாக்டர் நைட்ரோகிளிசரினை நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கார். டைனமைட்டைக் கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்துல டாக்டருங்க இதைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. ஆனா அது எப்படி கேட்குதுங்கறது மட்டும் கிட்டத்தட்ட நூறு வருஷம் புரியவே இல்ல.

புரிய வெச்சதுல பெரிய பங்கு ராபர்ட் ஃபர்ச்காட்டோடது, நியூயார்க் புரூக்ளின்ல மெடிக்கல் காலேஜ் புரொஃபசர். முயலோட பெரிய ரத்தக்குழாயை வெட்டி அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்தை விட்டா அது சுருங்கும்னு பல வருஷமா பார்த்துட்டு இருந்தவர், ஆனா உயிருள்ள உடம்புல அதே மருந்து குழாயை விரிக்குது, இது என்ன முரண்பாடுன்னு யாருக்கும் தெரியல. 1978ல அவரோட லேப் டெக்னீஷியன் குறிப்புல இருந்த வரிசையை மாத்தி, முந்தின மருந்தைக் கழுவாமலே அடுத்ததை விட்டுட்டார், சுருங்க வேண்டிய குழாய் தளர்ந்துடுச்சு! அதைத் தப்புன்னு தூக்கிப் போடாம ஏன்னு நோண்டினார் பாருங்க ஃபர்ச்காட், அப்போ அவருக்கு 61 வயசு, அங்கதான் எனக்கு அவர் மேல அவ்வளவு மரியாதை.

முன்னாடி குழாயை நீளப் பட்டையா வெட்டறப்போ உள்பக்கம் எதுலயாவது உரசி அங்க இருக்கற செல் எல்லாம் உரிஞ்சு போயிருக்கு, இந்த தடவை வளையமா வெட்டினதால தப்பிச்சிருக்கு. ஒரே ஒரு செல் கனத்துல இருக்கற அந்தப் படலம்தான் எண்டோதீலியம். உரிஞ்ச பட்டையையும் உரியாத பட்டையையும் உள்பக்கம் உள்பக்கமா ஒட்டி வெச்சுப் பார்த்தார், உரிஞ்சதும் தளர்ந்துச்சு. அப்போ உள் படலத்துல இருந்து ஏதோ ஒண்ணு கசிஞ்சு வந்து தசையைத் தளர்த்துதுன்னு தெளிவாச்சு. 1980ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு. அந்த 'ஏதோ ஒண்ணு' நைட்ரிக் ஆக்ஸைடு, சில செகண்ட்ல காணாமப் போற ஒரு வாயு. நைட்ரோகிளிசரினும் இதே வாயுவைத்தான் விடுதுன்னு ஃபெரிட் முராட்ங்கற இன்னொரு அமெரிக்க விஞ்ஞானி 1977லயே காட்டியிருந்தார். இவங்க ரெண்டு பேருக்கும் இதே ஆராய்ச்சியில இருந்த லூயிஸ் இக்னாரோவுக்கும் சேர்த்து 1998ல நோபல் பரிசு. அப்பா மாத்திரையும் அந்த வாயுவைத்தான் தருது. அதைப் போட்டதும் பிரஷர் இறங்கி தலை சுத்தலாம், அதனால உட்கார்ந்துட்டே வெச்சுக்கச் சொல்லுங்க.

கேள்வி: அந்தப் படலம் கெட்டா ஆஞ்சியோகிராம்ல தெரிஞ்சுடுமா?

பதில்: சாதாரண ஆஞ்சியோல அடைப்புதான் தெரியும், படலம் அதுக்கு ரொம்ப முன்னாடியே கெட ஆரம்பிச்சுடும். கொழுப்பு படிஞ்ச இதயக் குழாய்ல அசிட்டைல்கோலின் விட்டா விரியறதுக்குப் பதிலா சுருங்குதுன்னு 1986லயே மனுஷங்க கிட்ட பார்த்துட்டாங்க. சிகரெட், சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் நாலும் அந்தப் படலத்தைத்தான் முதல்ல பதம் பார்க்குது. வேகமா நடக்கறப்போ ரத்தம் அதை உரசிட்டு ஓடும், அந்த உரசல்லயே நைட்ரிக் ஆக்ஸைடு கூடுதலா சுரக்கும். தினமும் நடங்கன்னு டாக்டர் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இதயத்துக்கு நைட்ரேட் சாப்பிடறவங்க வயாக்ரா போடலாமா? (பேர் வேண்டாம்)

பதில்: கூடவே கூடாது. நைட்ரிக் ஆக்ஸைடு குழாய்த் தசைக்குள்ள கிளப்பி விடற சிக்னலை சீக்கிரம் அணைய விடாமப் பண்றதுதான் வயாக்ராவோட வேலை, கூட நைட்ரேட்டும் சேர்ந்தா பிரஷர் தாறுமாறா இறங்கி உயிருக்கே ஆபத்து. ஏற்கனவே போட்டிருந்து நெஞ்சுவலி வந்தா சார்பிட்ரேட்டைத் தொடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, என்ன மாத்திரை, எப்போ போட்டீங்கன்னு கேஷுவால்ட்டி டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லிடுங்க.