ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு மலைப்பாதையில் ரோடு சைக்கிளில் (மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிள்) வேகமாக இறங்கும்போது ஹேண்டில்பார் உதறுவது ஏன்? அப்போது என்ன செய்ய வேண்டும்?

வேகம் ஓர் அளவைத் தாண்டும்போது முன்சக்கரமும் பிரேமும் ஒன்றையொன்று ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் தானாகவே வளரும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் இன்னும் கூடும். பிடியைத் தளர்த்துங்கள். இரண்டு முழங்காலாலும் மேல்குழாயை (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் குழாய்) கவ்வி, சீட்டிலிருந்து லேசாக எழுந்து எடையை பெடலில் கொடுத்து, பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். கீழே வந்ததும் ஹெட்செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கை, சோதியுங்கள்: முன் பிரேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் 'டக் டக்' என்று தட்டினால் அது தளர்ந்திருக்கிறது.

மிதிக்காமலே 50-ஐத் தொடும் சுகம் தனிதான், மறுக்க மாட்டேன். ஆனால் காய்ந்த ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் 7 மீட்டரில் நிற்கிற சைக்கிளுக்கு 60-ல் சுமார் 28 மீட்டர் வேண்டும். லாரியைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் 17 மீட்டர் தனியாகப் போய்விடும்.

அதனால் எஸ் வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கை அழுத்தினால், சிந்திக் கிடக்கும் ஜல்லித்தூளில் டயர் வழுக்கிவிடும். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன்மேல். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டாதீர்கள். ஏறிவரும் லாரியின் முன்பக்கம் அங்கேதான் நீளும்.

ரிம் பிரேக் (சக்கர விளிம்பை ரப்பர் கட்டை கவ்வும் வகை) என்றால் விடாமல் உரசிக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். அழுத்துங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். சாரல் நாளில் ஈர ரிம் பிடிக்கச் சற்று நேரமாகும். முன்கூட்டியே தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.