தள்ளுபடியில் இரைப்பை அறுவை: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 165 செ.மீ., எடை 112 கிலோ. சர்க்கரை நோய் உண்டு. இரவில் நெஞ்செரிச்சலும் படுத்துகிறது. ஒரு தனியார் மருத்துவமனை எடையைக் குறைக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சைக்கு இம்மாத இறுதிவரை தள்ளுபடி என்கிறது. வேறொரு மருத்துவர் இரைப்பை ‘பைபாஸ்’தான் சரி என்கிறார், அதற்குச் செலவு கூடுதல். எதைச் செய்துகொள்ளலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவை பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி அகற்றிவிடுகிறார்கள், அது திரும்பாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது விலை அல்ல, நெஞ்செரிச்சல். ஸ்லீவ் அதை அதிகமாக்கக்கூடும். பின்லாந்தில் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துகொண்ட 240 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அமிலம் மேலேறுவதால் வரும் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு இருந்தது. பைபாஸில் 7 சதவீதம்தான். எடைக் குறைப்பிலும் பைபாஸ் சற்று முந்தியது. எரிச்சல் தாங்காமல் பிறகு பைபாஸுக்கு மாறுபவர்களும் உண்டு. அப்போது இரண்டாவது பில் வரும். தள்ளுபடி எங்கே போயிற்று?

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் இது பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் இரும்புச்சத்து, பி12, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். ஸ்லீவுக்கும் வைட்டமின்கள் உண்டு, பைபாஸில் கண்டிப்பு அதிகம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் இபுபுரூஃபன் வகையறா கூடாது. புகைபிடித்தால் இணைப்பில் புண் வரலாம். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம். இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் பழைய முறையை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். மறு அறுவைகள் அதிகமானதால் அது வழக்கொழிந்து வருகிறது.

இப்போதைய தகவலை வைத்து நான் பைபாஸ் பக்கம்தான் சாய்வேன். முடிவு எண்டோஸ்கோபி (குழாய் கேமராவால் உள்ளே பார்ப்பது) பார்த்த பிறகே.

பணம்? உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பருமன் எண்) 41. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிபந்தனைப்படி 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில் மெடிக்ளெய்ம் கேட்கலாம். பாலிசியின் காத்திருப்புக் காலத்தைப் பார்த்து, முன் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜில் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம், சிக்கல் வந்தால் மறு அறுவை, ஓராண்டு உணவு ஆலோசனை ஆகியவை அடக்கமா என்றும் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இல்லை என்றால் முன்பணம் கட்ட வேண்டாம்.