போக்கர் காணொளிகளும் டோரண்ட் மென்பொருளும்

கேள்வி: போக்கர் சீட்டாட்டத்தின் நுணுக்கங்களைக் காணொளிகள் வழியாகக் கற்க விரும்புகிறேன். டோரண்ட் மூலம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். அந்த மென்பொருள் எனக்குப் புதிது. எப்படித் தொடங்குவது? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு கோப்பை ஒரே சர்வரிலிருந்து எடுக்காமல், அதை ஏற்கெனவே வைத்திருக்கும் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாகப் பெறுவதே டோரண்ட் முறை. 2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரண்ட் இதற்கு அடிப்படை. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவரை 'சீடர்' (seeder) என்பார்கள். சீடர்கள் அதிகமாக இருந்தால் இறக்கமும் பொதுவாக விரைவாக முடியும்.

டோரண்ட் மென்பொருளை வைத்திருப்பது குற்றமாகாது. போக்கர் காணொளி பார்ப்பதற்கும் தடை இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுச் சேவைகளைத்தான் 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் உலக போக்கர் தொடரின் ஒளிபரப்புகளும், கட்டணப் பயிற்சித் தளங்களின் பாடங்களும் பதிப்புரிமை உடையவை. டோரண்டில் ஒரு துண்டு உங்களிடம் வந்து சேர்ந்ததுமே அது உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்கும் போகத் தொடங்குவதால், பார்ப்பதற்காக மட்டுமே எடுத்தேன் என்று சொல்ல இடமின்றி, நீங்களும் அதை விநியோகித்தவர் ஆகிவிடுகிறீர்கள்; உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியும் உடன் பகிர்பவர்களுக்குத் தெரியும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நண்பர் சொன்ன 'எல்லாவற்றையும்' என்பதை ஏற்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கற்பதே நோக்கம் என்றால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2015 ஜனவரியில் நடத்திய போக்கர் கோட்பாடு, பகுப்பாய்வு குறித்த விரிவுரைகளிலிருந்து தொடங்குங்கள். வணிக நோக்கமின்றிப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவை வெளியாகியுள்ளன. தொலைக்காட்சித் தொகுப்புகள் பரபரப்பான ஆட்டங்களையே பொறுக்கிக் காட்டுவதால், எந்தச் சீட்டுகளை ஆடாமல் கீழே வைக்க வேண்டும் என்ற முக்கியமான பாடம் அவற்றில் விடுபட்டுப்போகிறது. நிகழ்தகவுக் கணக்கோடு அதை விளக்கும் விரிவுரைகளே புதியவருக்குப் பயன்படும்.

முதலில், விளம்பரம் இல்லாத இலவச மென்பொருளான கியூபிட்டோரண்டை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத் தளத்தில் இந்த விரிவுரைகளைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தில் தரவிறக்கத் தெரிவுகளின் கீழ் உள்ள டோரண்ட் இணைப்பைச் சொடுக்குங்கள்; ஒரு சிறு டோரண்ட் கோப்பு இறங்கும். அதைக் கியூபிட்டோரண்டில் திறந்தால், உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். ஒரே விரிவுரை வெவ்வேறு வடிவங்களில் இருக்கக்கூடும் என்பதால், எம்பி4 கோப்பை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள். டேட்டா கணிசமாக மிச்சமாகும்.

எந்த டோரண்டாக இருந்தாலும் இந்தப் பட்டியலைப் படிக்காமல் இறக்கத்தைத் தொடங்காதீர்கள். காணொளி என்ற பெயரில் எக்ஸ்இ (.exe) என முடியும் நிரல் கோப்பு இருந்தாலோ, பார்ப்பதற்குத் தனி மென்பொருளை நிறுவச் சொன்னாலோ, அதை உடனே நீக்கிவிடுங்கள். உண்மையான காணொளிக்கு விஎல்சி பிளேயரே போதும்.

மொபைல் டேட்டாவில் இயங்குபவர்கள் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். பிராட்பேண்ட் இணைப்பு உள்ளவர்கள், இறக்கம் முடிந்த பின்பும் மென்பொருளைச் சிறிது நேரம் திறந்துவைத்தால், அடுத்து வருபவருக்கு அந்த விரிவுரை விரைவாகக் கிடைக்கும்.