டவர் முழுசாகக் காட்டுகிறது, கால் பேச முடிகிறது, மொபைல் டேட்டா மட்டும் வரவில்லை. எங்கே தேடுவது?

வைஃபையில் எல்லாம் ஓடுகிறது, கால் போகிறது, வருகிறது, மேலே நாலு கோடும் நிற்கிறது. ஆனால் மொபைல் டேட்டாவில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை என்பதுதான் கேள்வி. இந்த நிலையில் பலரும் எடுத்த எடுப்பில் நெட்வொர்க் ரீசெட்டுக்கும், அதிலும் சரியாகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட்டுக்கும் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு செட்டிங்கைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடும்.

அந்த நாலு கோடும் டவரிலிருந்து வரும் ரேடியோ சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகின்றன. இணையம் கிடைக்க அதற்கு மேல் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். சிம் நெட்வொர்க்கில் பதிவாக வேண்டும். ஏபிஎன், அதாவது சிம் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர், அதன் வழியாகப் போனுக்கு ஒரு ஐபி முகவரி (இணையத்தில் போனை அடையாளம் காட்டும் எண்) கிடைக்க வேண்டும். பிறகு, நீங்கள் டைப் செய்யும் தளத்தின் பெயரை டிஎன்எஸ் என்ற சேவை அந்தத் தளத்தின் ஐபி எண்ணாக மாற்றித் தர வேண்டும். கால் பேச முடிகிறது என்றால் முதல் காரியம் நடந்துவிட்டது, அவ்வளவே. 4ஜியில் பேசும் வோல்டிஇ அழைப்புக்குத் தனி ஏபிஎன் உண்டு என்பதால், இணையத்துக்கான ஏபிஎன் கெட்டுக் கிடந்தாலும் கால் தடையில்லாமல் போகும். "கால் வருதே, அப்புறம் நெட் ஏன் வரல" என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

வைஃபையை அணைத்து, டேட்டாவை ஆன் செய்து, கோடுகளுக்குப் பக்கத்தில் பாருங்கள். 4ஜி, எல்டிஇ, 5ஜி என்று எதுவுமே எழுதவில்லையென்றால் டேட்டா இணைப்பே உருவாகவில்லை. சந்தேகம் டேட்டா சுவிட்ச், இரட்டை சிம், ரோமிங், ஏபிஎன் பக்கம் போக வேண்டும். எழுத்து இருக்கிறது, கூடவே ஆச்சரியக்குறி நிற்கிறது, அல்லது எழுத்து இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் இணைப்பு உண்டு, அதற்கு அப்பால் வழி அடைபட்டிருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது டேட்டா தீர்ந்துவிட்டதா, விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடுகிறதா, டிஎன்எஸ் சரியா என்பதை. ஒரே ஒரு ஆப் மட்டும் ஓடவில்லை, மற்றவை ஓடுகின்றன என்றால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் கீழே ஒவ்வொரு ஆப்புக்கும் தனி சுவிட்ச் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரையும் அந்த ஆப்பின் டேட்டா அனுமதியையும் பாருங்கள்.

எதைத் திருத்துவதற்கும் முன்பு ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து, முப்பது விநாடி விட்டு, அணையுங்கள். போன் நெட்வொர்க்கிலிருந்து முழுவதும் விலகி, மறுபடி பதிவாகி, புது ஐபி முகவரி வாங்கும். எங்கோ பாதியில் சிக்கி நின்ற இணைப்பு இதிலேயே சரியாகிவிடும். சட்டென்று ஆன் செய்து ஆஃப் செய்தால் பழைய இணைப்பு அறுபடாமலே இருக்கக்கூடும். அதனால்தான் அந்த முப்பது விநாடி.

இணைப்பே இல்லாத பக்கத்தை முதலில் பார்ப்போம். இரண்டு சிம் போடும் போனில் டேட்டாவுக்கு எந்த சிம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்போம். சிம்மைக் கழற்றி மாட்டினாலோ, ஒன்றை அணைத்து ஆன் செய்தாலோ அந்தத் தேர்வு மறு சிம்முக்குத் தாவிவிடுவதுண்டு. இன்னொன்று, டேட்டா ஒரு சிம்மில் இருக்க, மற்ற சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது பல போன்களில் டேட்டா நின்றுவிடும். அது கோளாறு அல்ல. அழைப்பின்போது டேட்டா சிம்மைத் தானாக மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உங்கள் போனில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா உபயோகப் பக்கத்தில் ஒரு வரம்பு வைக்கலாம். அந்த வரம்பைத் தொட்டதும் போனே டேட்டாவை நிறுத்திவிடும். எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோன வரம்பு இது. கோடுகளுக்குப் பக்கத்தில் ஆர் என்ற எழுத்து தெரிந்தால் நீங்கள் வேறொரு நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள். டேட்டா ரோமிங் சுவிட்ச் இல்லாமல் நெட் வராது. கட்டணம் என்ன என்று தெரிந்துகொண்டு ஆன் செய்யுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் ஏபிஎன். புது சிம் போட்டபின்னும், வேறு நிறுவனத்துக்கு நம்பரை மாற்றியபின்னும், வெளிநாட்டில் வாங்கிய போனிலும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் சிம் பக்கத்துக்குப் போனால் ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ் என்று இருக்கும், ஏபிஎன் என்பது இதுதான். முதலில் மூன்று புள்ளி மெனுவில் ரீசெட் டு டிஃபால்ட் கொடுங்கள். பட்டியல் காலியாகவே இருந்தால் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும். அதில் நேம் என்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அது உங்கள் அடையாளத்துக்கு மட்டும். ஏபிஎன் என்ற இடத்தில் உங்கள் சிம் நிறுவனம் தந்த சொல்லை அப்படியே, முன்னும் பின்னும் இடைவெளி விடாமல் எழுத வேண்டும். கீபோர்டு தானாகச் சேர்க்கும் ஒரு இடைவெளி போதும், இணைப்பு கிடைக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஏபிஎன் டைப் என்ற இடத்தில் டிஃபால்ட் என்ற சொல் ஆங்கிலத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இணையத்துக்கான ஏபிஎன் இதுதான் என்று போன் அறிந்துகொள்வது அந்தச் சொல்லால்தான். எம்எம்எஸ் என்று மட்டும் இருந்தால் படச் செய்தி போகும், இணையம் வராது. ப்ரோட்டோகால் இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 என்ற இரு வகை ஐபி முகவரிகளும் சேர்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நாட்டையும் சிம் நிறுவனத்தையும் குறிக்கும் எம்சிசி, எம்என்சி எண்களைத் தொடாதீர்கள். அவை சிம்மோடு பொருந்தாவிட்டால் சேமித்த ஏபிஎன் பட்டியலிலேயே தெரியாது. "சேவ் பண்ணினேன், காணோம்" என்பதற்கு ஒரு காரணம் இது. மற்றொரு காரணம், சில போன்களில் மூன்று புள்ளியைத் தொட்டு சேவ் கொடுத்தால்தான் சேமிக்கும். கடைசியில், பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்து வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

இனி, 4ஜி எழுத்து இருந்தும் எதுவும் திறக்காத பக்கம். ரீசார்ஜ் காலம் முடிந்ததா, அன்றைய டேட்டா தீர்ந்ததா என்று பாருங்கள். சில திட்டங்களில் அளவு தீர்ந்தபின் நெட் நிற்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். விநாடிக்கு 8 கிலோபைட் என்று கணக்கு. 2 எம்பி பக்கம் ஒன்று திறக்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆப் காத்திருந்து கைவிட்டுவிடும். பார்ப்பவருக்கு நெட்டே இல்லை என்றுதான் தோன்றும். எழுத்துச் செய்தி மட்டும் மெல்லப் போய்ச் சேர்கிறது, படம் போகவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

அளவு தீரவில்லையா? ப்ரௌசரில் 1.1.1.1 என்று எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். அது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி. அந்த எண்ணில் ஒரு பக்கம் திறக்கும், அல்லது முகவரிப் பட்டையில் எண் one.one.one.one என்ற பெயராக மாறும். எண் திறக்கிறது அல்லது அப்படிப் பெயராக மாறுகிறது, ஆனால் பெயர் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். ஆண்ட்ராய்டில் 9ஆம் பதிப்பிலிருந்து ப்ரைவேட் டிஎன்எஸ் என்ற செட்டிங் வந்தது. விளம்பரம் தடுக்க அதில் ஒரு சர்வர் பெயரை எழுதி வைப்பவர்கள் நிறைய. எழுதிய சர்வர் கிடைக்காவிட்டால் போன் வேறு வழி தேடாது, எல்லாப் பெயர்களும் நின்றுபோகும். வைஃபையில் ஓடி மொபைல் டேட்டாவில் மட்டும் ஓடாமல் போவதும் உண்டு. அந்த சர்வருக்குப் போகும் வழியை (853ஆம் போர்ட்) ஒரு நெட்வொர்க் திறந்து வைத்திருக்க, மற்றொன்று அடைத்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்று மாற்றிப் பாருங்கள். விபிஎன் ஆப் இருந்தால் அதையும் அணையுங்கள். மேலே சாவிச் சின்னம் தெரிந்தால் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று பொருள். தளம் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் போனின் தேதியைப் பாருங்கள். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகப் போனுக்குத் தெரியும்.

வேகம் மட்டும் குறைவு என்பது தனிக் கதை. அபவுட் போன் பக்கத்தில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) எண்ணில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* டயல் செய்யலாம். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நன்று, மைனஸ் 100 சமாளிக்கும், மைனஸ் 115ஐத் தாண்டினால் விட்டு விட்டுத்தான் வரும். எண் நல்லதாக இருந்தும் மாலையில் மட்டும் திணறினால் டவரில் நெரிசல். உங்கள் போனில் திருத்த ஒன்றுமில்லை. 5ஜி ஓரத்தில் இருக்கும் இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். விருப்ப நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றினால் நிலையாக நிற்கும், பேட்டரியும் மிஞ்சும்.

எதிலும் சிக்கவில்லையென்றால் சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. அங்கே நெட் வந்தால் கோளாறு உங்கள் போனில். அங்கேயும் வராவிட்டால் சிம்மில் அல்லது கணக்கில். 2ஜி காலத்துப் பழைய சிம்மாக இருந்தால் 4ஜியில் பதிவே ஆகாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கோளாறு போனில் என்று உறுதியானபின் நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்டுக்குப் போகலாம். படம், செய்தி எதுவும் அழியாது, ஆனால் வைஃபை பாஸ்வேர்டுகளும் நீங்கள் கையால் எழுதிய ஏபிஎன்னும் போய்விடும். அவற்றை முன்பே குறித்து வையுங்கள். கோளாறு சிம்மில் என்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "நெட் வரல" என்று மட்டும் சொல்லாமல், வேறு போனிலும் இந்த சிம்மில் டேட்டா வரவில்லை, ஏபிஎன் சரிபார்த்தாயிற்று, இந்த நேரத்திலிருந்து இந்த இடத்தில் இப்படி என்று சொல்லுங்கள். உங்கள் நம்பருக்கு டேட்டா சேவை அவர்கள் பக்கத்தில் இயங்குகிறதா என்று பார்த்து, அணைத்து மறுபடி இயக்கச் சொல்லுங்கள். அவர்கள் செய்து முடித்ததும் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.