றப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம்

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய 1958 மொறிஸ் மைனர் காரை வீட்டிலேயே திருத்துகிறேன். முன்கண்ணாடிக்குப் புது றப்பர் வாங்கி மூன்று தரம் போட்டும் மேல்மூலை ஒன்று வெளியே வந்துவிடுகிறது. பின் ஸ்பிறிங் புஷ்களும் (ஸ்பிறிங் நுனி ஓட்டையில் இறங்கும் றப்பர் உருளைகள்) உள்ளே போகவே மாட்டேன் என்கின்றன. கிறீஸ் பூசி அடித்து இறக்கலாமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: கிறீஸ் வேண்டாம் தம்பி, எஞ்சின் ஒயிலும் வேண்டாம். எண்ணெய் ஒழுகும் எஞ்சினுக்குக் கீழே இருக்கிற மவுண்டிங் றப்பரை ஒருக்கால் தொட்டுப் பாருங்கள், ஊதிப் பிசுபிசுத்துக் கிடக்கும், உங்கள் புது றப்பருக்கும் அதே கதிதான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் இந்தக் கார்களை ஓட வைத்தது மண்ணெண்ணெய்தான், ஆனால் றப்பருக்கு அதுவும் ஆகாது. சவர்க்காரத் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் திரவம் பாவித்தால் பிறகு நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், அவற்றில் பலதில் உப்பு இருக்கிறது, தகரம் கறள் பிடிக்கும்.

இனிக் கண்ணாடி. 1956க்குப் பிறகு வந்த மைனர்களுக்கு முன்கண்ணாடி ஒரே துண்டு, கொஞ்சம் வளைவு, அதனால்தான் மூலைகள் இப்படிப் படுத்துகின்றன. முதலில் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், பழைய றப்பர் துண்டோ கறளோ பெயின்ற் கட்டியோ இருந்தால் சுரண்டி எடுக்காமல் எத்தனை தரம் போட்டாலும் அந்த இடம் நிற்காது. றப்பரை அரை மணித்தியாலம் வெய்யிலில் போடுங்கள், எங்கள் வெய்யில் தாராளம். கண்ணாடியைப் போர்வை விரித்த மேசையில் வைத்து றப்பரை அதில் மாட்டி, தகரத்தில் ஏறப்போகிற வெளிக்காடியில் பென்சில் மொத்தத்தில் வழுவழுப்பான கயிறு ஒன்றைச் சுற்றிவர இறக்குங்கள், இரண்டு நுனியும் கீழ்நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்பக்கம் தொங்க வேண்டும்.

இது தனி ஆள் வேலை இல்லை. ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அமத்த, மற்றவர் காருக்குள் இருந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுத்தால் றப்பரின் உதடு தகரத்தைத் தாண்டித் தானாக உள்ளே வரும். கீழே தொடங்கி, பக்கங்கள், மேல்பகுதி கடைசி. உங்களுக்கு மேல்மூலை கழல்வது பெரும்பாலும் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்ததால், அல்லது கயிறு வரும் இடத்திலேயே வெளியே நிற்பவர் அமத்தாததால். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இடைவெளியைப் பாருங்கள். சுத்தியல் பக்கம் போகவே வேண்டாம், கடினப்படுத்திய கண்ணாடி என்றால் ஓரத்தில் ஒரு தட்டுப் பட்டாலே முழுவதும் பொடியாகிவிடும்.

வாங்கிய றப்பரை மடித்துப் பார்த்தீர்களா? மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் அது கடையில் கிடந்தே கிழடான சரக்கு, திருப்பிக் கொடுங்கள்.

புஷ்ஷுக்கு நீண்ட போல்ட், இரண்டு பெரிய வாசர், ஒரு நட்டு. புஷ்ஷைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, போல்ட்டை அதற்குள்ளாலும் ஸ்பிறிங் ஓட்டைக்குள்ளாலும் விட்டு, இரண்டு பக்கமும் வாசர் வைத்து நட்டை இறுக்க இறுக்க நேராகப் போகும். ஆனால் ஸ்பிறிங்கின் நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது ஜக் இறக்கி, கார் சில்லில் நிற்கும்போதுதான், இல்லாவிட்டால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

பிறேக் சிலிண்டர் றப்பர் மாற்றினால் அதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் கூடாது, புது பிறேக் ஒயிலில் நனைத்துப் போடுங்கள்.