கோழிக்கூட்டை வீட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது?

யாங்கோனுக்கு வெளியே புது வீடு, பின்னால் 40க்கு 30 அடி இடம், பத்து நாட்டுக்கோழி. நாற்றம் வீட்டுக்கு வராமல் இருக்கக் கடைசி வேலி மூலையில், பலாமரத்தடியில் கூடு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அங்கே போடாதீர்கள். நாங்கள் யாங்கோனுக்குப் பக்கத்து ஊரான தன்லினில் முதல் கூட்டை அப்படித்தான் போட்டோம். இரண்டு மழைக்காலம் பட்டபிறகு அதைப் பிரித்தோம்.

எங்கள் வேலி மூலை தென்மேற்கில் இருந்தது. அதற்கு அப்பால் திறந்த வயல். இங்கே வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசி வரை விடாது, வருவதெல்லாம் தென்மேற்கிலிருந்துதான். நேராக விழும் மழைக்குக் கூரை போதும். வயலைத் தாண்டி வரும் மழை சாய்ந்து அடிக்கும். மூன்றடி உயரத்தில் பரண் அடித்து, மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டிய கூடுதான். ஆனாலும் கீழே போட்டிருந்த உமி ஒரு வாரத்தில் சொதசொதத்துவிடும். உமி ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். எங்களுடையது ஆடி முழுக்கக் கொழுக்கட்டைதான். அந்த ஈரத்தில் இரத்தக் கழிச்சல் வந்து, பதினொரு குஞ்சில் ஆறு போயிற்று.

அடுத்த ஆண்டு போனவை பெரிய கோழிகள். சமையலறை வாசலிலிருந்து கூட்டுக்கு அறுபது எட்டு வைக்கவேண்டும். ஆவணியில் ஒரு நாள் அந்தி நேரம், கொட்டுகிற மழை, கரண்டும் இல்லை. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, பாதி வழியில் திரும்பிவிட்டேன். மழை விட்டதும் கூட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை விடவில்லை. மரநாய் வந்து நான்கு பெட்டைகளைத் தூக்கிப்போயிற்று. அதில் ஒன்று அடையில் இருந்தது. விடிந்து பார்த்தபோது பஞ்சாரத்தில் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. அதனால்தான் சொல்கிறேன், கொட்டும் மழையிலும் நீங்கள் நடந்துபோகும் தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில்தான் கூடு இருக்கவேண்டும். இப்போது எங்களுக்குப் பதினைந்து எட்டு. சமையலறை ஜன்னலில் நின்றாலே கூட்டுக் கதவு தெரியும்.

நாற்றம் வருமே என்பீர்கள். நாற்றம் அதிகம் எழுவது ஈரமான மாதங்களில். அந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போகும். ஆகவே கூடு வீட்டுக்கு வடகிழக்கில் இருந்தால் வீச்சம் வீட்டை விட்டு விலகிப்போகும், சாய்ந்து வரும் மழையையும் வீடே மறித்துக்கொள்ளும். கார்த்திகைக்குப் பிறகு காற்று வடக்கிலிருந்து திரும்புவது உண்மைதான். அப்போது உமி காய்ந்திருக்கும், அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வடகிழக்கில் பக்கத்து வீடு இருந்தால் முதலில் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாரம் நாலு முட்டை கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். பத்துக் கோழிக்கு 8க்கு 4 அடி தாராளம். மேற்குச் சுவரை முழுக்க அடைத்துவிடுங்கள். மாலை வெயிலும் மழையும் அந்தப் பக்கம்தான். தெற்கில் பாதி உயரம் மூங்கில் தட்டி, அதற்கு மேலே வலை, சுருட்டி இறக்க ஒரு தார்ப்பாய். வடக்குப் பக்கம் முழுக்க வலை. கதவு கிழக்கே இருந்தால் காலை வெயில் உள்ளே வந்து உமியைக் காயவைக்கும். கூரையைத் தெற்கிலும் வடக்கிலும் இரண்டிரண்டரை அடி நீட்டுங்கள். வடக்கே எதற்கு என்று எங்கள் கொத்தனாரும் கேட்டார். யாங்கோன் கிட்டத்தட்ட 17 டிகிரி வடக்கில் இருக்கிறது. மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழும். வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். அறுகோணக் கோழிவலை கோழியைத்தான் நிறுத்தும், எலியையும் பாம்பையும் நிறுத்தாது.

மழையைவிட நான் பயப்படுவது பங்குனி, சித்திரை வெயிலுக்கு. நம் புத்தாண்டும் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் சேர்ந்து வருகிற அந்த வாரத்தில் தகரக் கூரைக்குக் கீழே கை வைக்க முடியாது. கோழிக்கு வியர்க்காது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளும். காற்றோட்டம் இல்லாவிட்டால் மதியத்திலேயே சாய்ந்துவிடும். தகரம் போட்டால் அதன்மேல் ஓலை போடுங்கள். மேற்கே கூட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வாழை வையுங்கள், ஒரே வருடத்தில் நிழல் கட்டும். பெரிய மரத்தடி மட்டும் வேண்டாம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த மறுநாள் காலையில் எங்கள் தெருவில் வேரோடு கிடந்ததெல்லாம் பெரிய மரங்கள்தான். புயல் வராவிட்டாலும், மழை நின்று ஒரு மணி நேரம் ஆனபிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். பலாப்பழம் விழுந்தால் தட்டி தாங்காது.

அப்புறம், கோழிகள் பகலில் உலாவ வேலி கட்டிய அடைப்பு. கோழிக்குப் பத்து சதுர அடி கணக்கில் 10க்கு 10 போதும். இருக்கும் இடத்திலேயே மேடான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நல்ல மழை நின்ற பிறகு குடையோடு போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே முதலில் வடிகிறதோ அதுதான் இடம். அங்கேயும் அரையடி செங்கல் சல்லியும் மணலும் கொட்டி உயர்த்தி, சுற்றி ஒரு சாண் வாய்க்கால் வெட்டுங்கள். வீட்டுக் கூரைத் தண்ணீர் அடைப்புக்குள் விழக்கூடாது. அடைப்பில் பாதிக்காவது கூரை வேண்டும். இல்லாவிட்டால் மழை மாதங்களில் கோழி நாள் முழுக்கப் பரணிலேயே குந்தியிருக்கும்.

கிணற்றுக்கும் கூட்டுக்கும் நாங்கள் 50 அடி விட்டிருக்கிறோம். வயலோரமோ குட்டையோரமோ வேண்டாம். 2006இல் மாந்தலே பக்கம் பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து, வாத்தும் காட்டுப் பறவையும் இறங்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் கோழியை விட எனக்கு மனம் வருவதில்லை. அதே பயத்தில்தான் கூட்டுக்குப் போக ஒரு செருப்பைத் தனியாக வாசலில் வைத்திருக்கிறேன். முட்டைப் பெட்டியை அடைப்புக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரி, வீட்டுப் பக்கம் பார்த்து வையுங்கள். குருணை, தவிட்டு டின் சமையலறைத் தாழ்வாரத்திலேயே இருக்கட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

கம்பங்களை வைகாசிக்கு முன்னால் நட்டுவிடுங்கள், மழை தொடங்கினால் குழியில் தண்ணீர்தான் நிற்கும். உங்கள் சமையலறை வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. அந்த இரண்டையும் எழுதினால் எந்த மூலை என்று சரியாகச் சொல்லிவிடலாம்.